தன்னைத்தானே விற்றவன்

நம் மேடைகளில் அடிக்கடி முழங்கும் பெருமை ஒன்றுண்டு. கடாரம் கொண்டான் வழியில் வந்தவர் நாம் என்பதும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கப்பலேறி வந்து இக்கரையை வென்ற சோழன் நம்மவன் என்பதுமே அப்பெருமை. கேட்கும்பொழுது தோள் பூரிக்கத்தான் செய்கிறது. ஆனால், ஈப்போ நகரிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழும் நம்மவருள் எத்தனை பேருடைய பாட்டன் யானைமீது வந்தவன்? பெரும்பாலோருடைய பாட்டன் நாகப்பட்டினத்துத் துறையில் மூட்டையோடு காத்துக் கிடந்து, கப்பலின் மேல்தட்டில் பினாங்குக்கு வந்து இறங்கியவன் அன்றோ? அவனுக்கும் சோழன் காலத்தில் ஒரு மூதாதை இருந்திருப்பான். அவன் அரியணையில் இல்லை, சேற்றில் நின்றான். அரசனுடைய வரலாற்றை நூறு முறை கேட்டுவிட்டோம். இம்முறை அந்தச் சேற்றில் நின்றவனைப்பற்றி விசாரிப்போம்.

அந்த நாகப்பட்டினத்துக்கு அருகே ஆனைமங்கலம் என்றோர் ஊர் உண்டு. கடாரத்து அரசன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். அதற்குப் பள்ளிச்சந்தமாக 1006ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராசராசன் இவ்வூரை அளித்தான். அவன் மகன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தான். இன்று லெய்டன் செப்பேடுகள் என்று வழங்குபவை அவையே. ஊரின் நிலம் தொண்ணூற்றேழு வேலியும் சில்லறையும்; அதன்மேல் கடமை 8,943 கலம் நெல்லும் சில்லறையும். வேலிக்கு ஏறக்குறைய தொண்ணூற்றிரண்டு கலம் என்றாயிற்று. கடாரத்து அரசன் கட்டிய பள்ளிக்குச் சோழநாட்டு உழவன் நெல் அளந்தான். பின்னர் 1025ஆம் ஆண்டில் அதே இராசேந்திரன் கடாரத்தின்மேல் படையெடுத்தபொழுதும் படைக்குச் சோறிட்டவன் அவனைப் போன்ற உழவனே. அரசர்கள் நட்புக் கொண்டாலும் பகை கொண்டாலும் களம் அளப்பவன் ஒருவனாகவே இருந்தான்.

ஊரைத் தானம் செய்யும் முறையும் கவனிக்கத்தக்கது. பெண்யானை ஒன்றை எல்லையைச் சுற்றி நடத்துவர்; அது நடந்த வழியில் கள்ளியும் கல்லும் நாட்டுவர். அவ்வளைவுக்குள் அடங்கிய நீரும் நிலமும் மரமும் புற்றும் உடும்பும் ஆமையும் பெற்றவனைச் சேரும். அவ்வளைவுக்குள்ளே குடியிருக்கும் மனிதர்கள்? அவர்களுக்கென்று இரண்டு சொற்கள் கல்வெட்டில் உள்ளன. ஒன்று ‘குடிநீங்கா’, மற்றொன்று ‘குடிநீக்கி’. முன்னது பழைய குடிகளை விலக்காது அளித்த நிலத்தையும், பின்னது அவர்களை விலக்கி அளித்த நிலத்தையும் குறிக்கும். ஒரு குடும்பம் நாளைக்கு எந்த மண்ணில் உறங்கும் என்பதை ஓர் எழுத்து மாற்றிவிடும். அந்தச் சொல்லை எழுதும் பொழுது அக்குடிகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாக நாம் எங்கும் காணோம்.

உழவர் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அவர் ஒரு தரத்தினரல்லர். காணி உடையவன் ஒருவன். அவன் நிலத்தை விற்கலாம், ஒற்றி வைக்கலாம், ஊர்ச்சபையில் அமரலாம். உழுவித்து உண்பவன், உழுது உண்பவன் என்று உரையாசிரியர்களே வேளாளரை இரண்டாகப் பிரித்தனர். உழுகுடி வாரத்துக்கு உழுதான். மேல்வாரம் போக மிஞ்சியது அவனுக்கு. அவனுக்கும் கீழே சேரியில் இருந்தவனோ தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய இடங்களின் பட்டியலில்தான் காணப்படுகிறான். குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகின்றன. 1010ஆம் ஆண்டில் விமானத்துக்குக் கலசம் ஏறிய அக்கோயிலின் கல்லிலேயே தீண்டாச்சேரி என்ற சொல்லும் ஏறிவிட்டது. பிணம் எரிக்கும் இடமும் வெள்ளாளருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று. தீண்டாமை பின்னாளில் யாரோ கொண்டுவந்து புகுத்திய இடைச்செருகல் என்று நம்மைத் தேற்ற வரும் அன்பர்கள் அக்கல்லின்முன் சற்று நின்று வாசித்துவிட்டு வரலாம்.

கடமைக்கு மேல் வெட்டி என்ற ஒன்றும் இருந்தது. ஏரிக்கரை அடைக்க, வாய்க்கால் தோண்ட, கூலியின்றி ஆள் கொடுத்தலே அது. பயனற்ற வேலையை நாம் இன்றும் வெட்டி வேலை என்கிறோம். கூலி கிடைக்காத வேலையைப் பயனற்றது என்று பெயரிட்டவன், அதனைச் செய்து களைத்த ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

இனி, நம்மை நெடுநாள் உறங்கவொட்டாமல் செய்த செய்தி ஒன்றைக் கூறுவோம். மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், 1201ஆம் ஆண்டில், பேரளத்துக்கு அருகிலுள்ள திருப்பாம்புரத்தில் பஞ்சம் வந்தது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்றது. வேளாளன் ஒருவன் பட்டினியால் சாவதற்கு அஞ்சி, தன்னையும் தன் இரு பெண்மக்களையும் அவ்வூர்க் கோயிலுக்கு 110 காசுக்கு அடிமையாக விற்றான்.

கணக்குப் பார்ப்போம். அந்த விலையில் 110 காசுக்குக் கிடைப்பது 330 நாழி. தொண்ணூற்றாறு நாழி ஒரு கலமாதலின், மூன்றரைக் கலத்துக்கும் சற்றுக் குறைவு. இராசராசன் காலத்தில் காசுக்கு இரண்டு கலம் நெல் விற்றது. இடையில் காசின் தரம் தேய்ந்தது மெய்யேயானாலும், அறுபத்து நான்கில் ஒரு பங்காக நெல் சுருங்கியதற்கு அது மட்டும் காரணமாகாது. ஆனைமங்கலத்தில் ஒரு வேலி நிலம் ஓர் ஆண்டில் கொடுத்த கடமை தொண்ணூற்றிரண்டு கலம். மூன்று உயிருக்கு விலை மூன்றரைக் கலம்! இவன் சேரியில் கிடந்தவனுமல்லன். வேளாளன் என்றே கல் கூறுகிறது. சாதிப் படியில் அவனுக்குக் கீழே பலர் இருந்தனர். பசி அந்தப் படியைப் பார்க்கவில்லை.

இங்கேதான் நமது கேள்வி எழுகிறது. அவனை எவரும் கட்டி இழுத்து வரவில்லை. அவனே வந்தான், அவனே இசைந்தான். அக்காலத்து ஆள்விலைப் பத்திரத்துக்கே ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத்தீட்டு’ என்று பெயர். இசைவு என்றால் சம்மதம் அன்றோ? சம்மதித்தவனுக்கு அநீதி செய்ததாக எங்ஙனம் கூறலாம் என்பதே அக்காலத்துக் கோயிலார் முதல் இக்காலத்து ஆள்சேர்ப்பு முகவர் வரை எல்லோரும் விடுக்கும் வினா.

இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. கோயில் அவனை வாங்காதிருந்தால் மூவரும் மாண்டிருப்பர். வாங்கியதனால் உயிர் பிழைத்தனர். அடிமையாயினும் உயிரோடிருத்தல் பிணமாதலினும் மேலன்றோ? அவன் அவ்வாறே எண்ணினான். அவனுடைய தீர்ப்பைப் பிழை என்று சொல்ல, வயிறு நிறைந்த நாம் யார்? ஒப்புக்கொள்கிறோம். விற்றவன்மேல் நமக்குக் குற்றமில்லை. ஆனால், விற்றவன் செய்தது தகும் என்பதனால் வாங்கியவன் செய்ததும் தகும் என்று ஆகிவிடுமா? கிணற்றில் வீழ்ந்தவன், ‘கயிறு விடு, என் வீட்டையே எழுதித் தருகிறேன்’ என்று கதறுகிறான். அவன் கதறியதில் தவறில்லை. கயிற்றோடு பத்திரத்தையும் சேர்த்து இறக்கியவனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

கோயிலிடம் நெல் இருந்தது. இல்லையேல் காசு கொடுத்து ஆள் வாங்கும் பேச்சே இல்லை. அந்த நெல்லைக் கடனாகக் கொடுத்திருக்கலாம். இத்தனை ஆண்டு உழைத்துத் தீர் என்று கூறியிருக்கலாம். கேட்டதோ ஆளையே. மேலும், தேவதான ஊர்களிலிருந்து கோயில் களஞ்சியத்துக்கு வந்த நெல் வானத்திலிருந்து பெய்ததன்று. உழுகுடிகள் அளந்த கடமையே. விளைந்த ஆண்டில் உழவனிடமிருந்து வாங்கிய நெல்லை, விளையாத ஆண்டில் அவனுக்கே விலையாகக் கொடுத்து அவனையே வாங்குதல் என்ற விந்தை வாணிகத்தை நம் முன்னோர் தர்மம் என்று கல்லில் வெட்டி வைத்தனர்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அவன் இசைந்தான், அவனுடைய பெண்மக்கள் இசைந்தனரா? இசைந்தனர் என்றே வைத்துக்கொள்வோம். வழியடிமை என்று எழுதும் பத்திரங்களில் இன்னும் பிறவாத பேரனும் பேர்த்தியும் அடங்குகின்றனர். பிறவாதவன் எந்த விரலால் கைச்சாத்திட்டான்? ஒருவன் தன் உழைப்பை விற்கலாம். தன்னிடம் உள்ளதை விற்கலாம். தன் பேரனுடைய வாழ்நாள் அவனிடம் உள்ள பொருளன்று. எந்த இசைவு இசையாதவனையும் கட்டுகிறதோ அது இசைவேயன்று என்பது நமது துணிபு.

இது நம் காலத்துப் புதுமைக் கருத்து, அக்காலத்தாரை இதனால் அளக்கலாகாது என்பர் சிலர். அக்காலத்தாரும் இதனை அறிந்திருந்தனர் என்பதற்குப் பெரியபுராணமே சாட்சி. திருமணப் பந்தலில் அமர்ந்த சுந்தரரை, முதியவர் ஒருவர் ஆளோலை காட்டி, உன் பாட்டன் எழுதிக் கொடுத்தபடி நீ எனக்கு அடிமை என்று மறிக்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. சபையோர் ஓலையின் எழுத்தைப் பாட்டனுடைய வேறு எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புக் கூறுகின்றனர். பக்தர்கள் இதனை இறைவனுடைய திருவிளையாடலாகக் கொண்டு உருகுவர்; அதில் நாம் தலையிடவில்லை. நமக்கு வியப்பளிப்பது வேறு. அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவதுண்டோ என்பதே அங்கே எழுந்த ஆட்சேபம். பாட்டன் எழுதியது பேரனை எங்ஙனம் கட்டும் என்று சபையில் ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. அடிமைத்தனம் தன் குலத்துக்கு வந்தபொழுதுதான் அது விந்தையாயிற்று. உழவன் குலத்தில் அது வழக்கமாயிருந்தது. அநீதி என்று உணரும் அறிவு இருந்தது, அதன் எல்லைதான் குலத்தோடு நின்றது.

இனி நம் பேராக்கிற்கு வருவோம். ஆங்கிலேயர் வருமுன் இங்கே மலாய்ப் பெருமக்களிடையே கடனடிமை வழக்கம் இருந்தது. கடன்பட்டவன் கடன் தீரும்வரை மனைவி மக்களோடு கடன் கொடுத்தவனுக்கு ஆள். அவன் செய்யும் வேலை கடனில் கழிவதில்லை. எனவே கடன் தீர்வதுமில்லை. திருப்பாம்புரத்து வழக்கத்துக்கு இதனைத் தம்பி எனலாம். 1874ஆம் ஆண்டில் பங்கோர் உடன்படிக்கை ஏற்பட்டபின் இங்கு வந்த முதல் ரெசிடெண்டு பர்ச்சு, ஓடிவந்த கடனடிமைகளுக்கு இடங்கொடுத்தார். அவர் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். பின்னர், ஹியூ லோ ரெசிடெண்டாயிருந்த காலத்தில், 1883ஆம் ஆண்டின் முடிவில் பேராக்கில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

ஒழிந்ததா? அதே ஆண்டுகளில் கிரியான் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். கப்பற் கூலியும் முன்பணமும் அவர்கள் தலையில் கடனாக எழுதப்பட்டன. கடன் தீர ஆண்டுக்கணக்கில் உழைப்பதாகக் கைநாட்டு வைத்தனர். சஞ்சிக்கூலி என்று அவர்களை அழைத்தோம். சஞ்சி என்பது மலாய் மொழியில் வாக்குறுதியைக் குறிக்கும் சொல். மலாய்க்காரனுடைய கடனாளைக் கண்டு நெஞ்சு பதைத்த அதே ஆட்சி, தமிழனுடைய கடனாளைக் கண்டு ஒப்பந்தம் என்று பெயரிட்டது. திருப்பாம்புரத்தில் இசைவுத்தீட்டு, கிரியானில் வாக்குறுதி. அடிமைத்தளைக்கு அழகிய பெயர் சூட்டுவதில் எல்லா நாட்டு எழுத்தரும் ஒரே பள்ளியில் பயின்றவர் போலும்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். சஞ்சிக்கு ஒரு தவணை இருந்தது. அது மகனைக் கட்டவில்லை. 1910ஆம் ஆண்டில் அம்முறை நிறுத்தவும் பட்டது. அதன்பின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த கங்காணி முறையில், மாதம் ஒன்றுக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எவரும் விலகலாம் என்று சட்டம் கூறியது. சட்டம் கூறியது, கங்காணியின் கடைக்கணக்கு கூறவில்லை. முன்பணம், அரிசிப் பற்று, திருவிழாச் செலவு, கள்ளுக்கடை என்று பற்று ஏறிக்கொண்டேயிருந்தது. லயத்தை விட்டு இரவில் ஓடியவன் வேறு தோட்டத்துப் பெரட்டில் வேறு பெயரோடு நின்றான். சோழநாட்டுக் குடியும் கொடுமை மிகுந்தபொழுது ஊரைவிட்டு ஓடினான் என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. எழுநூறு ஆண்டு கழித்தும் ஏழைக்கு இருந்த மேல்முறையீடு கால்நடையே.

தரம் என்பது கூலியில் மட்டும் இல்லை. 1941ஆம் ஆண்டில் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. கூலி உயர்வோடு இதனையும் எழுதியவனுடைய அறிவை நாம் வணங்குகிறோம். நெல் அளந்தவன் தெருவில் நிமிர்ந்து நடக்கலாமா என்ற வினாவுக்கு அவன் விடை எழுதினான். இன்னொன்றையும் மறைக்கலாகாது. அவன் இறங்கி நிற்க வேண்டியிருந்தது வெள்ளைத் துரைக்கு மட்டுமன்று. தமிழும் மலையாளமும் பேசிய கிராணிமாருக்குந்தான். லயத்துக்குள்ளேயே சாதி பார்த்துத் தண்ணீர்க் குழாயைப் பிரித்ததும் நாமேயன்றி வேறு எவருமல்லர்.

உலகெங்கும் இக்கதை இப்படியே சென்றதா என்றால், முற்றும் அப்படியன்று. இங்கிலாந்தில் வில்லன் என்று அழைக்கப்பட்ட பண்ணைக்குடி பிரபுவின் மண்ணோடு கட்டுண்டிருந்தான். 1348ஆம் ஆண்டில் தொடங்கிய கொள்ளை நோயால் ஆள் அருகியபொழுது அவன் கூடுதல் கூலி கேட்டான். 1351ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிக் கூலியைக் கட்டினர். 1381ஆம் ஆண்டில் குடிகள் கிளர்ந்தெழுந்து பல பண்ணைகளில் தங்களைக் கட்டிய ஏடுகளையே கொளுத்தினர். எஜமானன் வீட்டில் ஏட்டைத் தேடிப்பிடித்து எரித்தவனுக்கு, தன் விலங்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

நம் நாட்டிலும் அத்தகைய ஒரு கணம் உண்டு. கடாரம் கொண்டானைப் பாடும் நம் பேச்சாளர்கள் இதனை ஏன் பாடுவதில்லை என்று நாம் வியப்பதுண்டு. 1429ஆம் ஆண்டில், விசயநகரத்து இரண்டாம் தேவராயன் காலத்தில், காவிரிப் பகுதியிலும் அதன் வடக்கிலும் வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஒன்றுகூடின. எப்பொழுதும் ஒன்றையொன்று முட்டிக்கொண்ட இரு கைகள் அவை. விளைவைப் பாராது வரி சுமத்துகின்றனர். ஊரைவிட்டு ஓட இருந்தோம். நாம் ஒன்றுபடாமையே இவ்வநீதிக்கு இடம் கொடுத்தது என்று கண்டுகொண்டோம். இனி விளைவுக்குத் தக்கதைக் கொடுப்போம், முறையற்றதைக் கொடோம் என்ற கருத்துப்படக் கல்லில் வெட்டினர். திருவைகாவூரிலும் கொறுக்கையிலும் ஆடுதுறையிலும் அக்காலத்துக் கற்கள் உள்ளன. அரச அலுவலரோடும், காணியாளரான பிராமணர் வேளாளரோடும் எதிர்த்து நின்ற அவர்கள் செய்துகொண்ட கட்டுப்பாடுகளுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. தம்முள் எவனும் அவர்களுக்குக் கணக்கு எழுதலாகாது என்பதே அது.

ரப்பர் மரம் அநேகமாய்ப் போய்விட்டது. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நட்ட நாற்றுகளோடு தொடங்கிய அந்தக் காலம் முடிந்து, லயங்கள் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. நம் மக்கள் புந்தோங்கிலும் பிற நகர்ப்புறங்களிலும் குடியேறினர். செம்பனைக் காட்டிலும் தொழிற்சாலையிலும் உணவுக்கடையின் பின்கட்டிலும் நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று வங்காளதேசத்தவனும் நேப்பாளியும் இந்தோனேசியனும் நிற்கின்றனர். ஊரில் காணியை ஒற்றி வைத்து முகவருக்குப் பணம் கட்டி வந்தவர் பலர். அக்கடன் அடையும்வரை அவர்களுக்குத் திரும்பும் வழியில்லை. 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி ஒருவனுடைய கடப்பிதழைப் பிறன் வைத்திருத்தல் குற்றம். ஆயினும் அது எஜமானன் மேசை அறையில் கிடப்பதைக் கண்டவர் நம்முள் பலருண்டு. 2020ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்கச் சுங்கத்துறை சரக்குக்குத் தடை விதித்தபின், கையுறைத் தொழிற்சாலைகள் சில தம் தொழிலாளருக்கு ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தன. வாங்குபவன் சரக்கைத் திருப்பி அனுப்பிய பிறகே கணக்கு நேராயிற்று.

உணவுக்கடைத் தோசைக்கு அமெரிக்கச் சுங்கத்துறை இல்லை. அங்கே நாம் ‘பாய், ஒரு தண்ணி கொண்டு வா’ என்று அதட்டும் பையனைப்பற்றிக் கேட்டால், கடைக்காரர், அவனாகத்தான் வந்தான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. திருப்பாம்புரத்துக் கோயிலாரும் பொய் சொல்லவில்லை. அவன் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பது, எதற்காகப் பிடிப்பது, எத்தனை மாதம் பிடிப்பது என்ற கணக்கை மாதந்தோறும் உட்கார்ந்து எழுதுபவர்களுள், தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, பட்டணத்துக்கு வந்து மேசைவேலை பெற்ற நம் பிள்ளைகள் அநேகர். அந்தக் கணக்கை அவர்கள் எழுத வேண்டுமா என்பதை அவர்களிடமே கேட்கிறோம்.